அந்த நண்டு அங்கேயே இருக்கட்டும்

"அக்கா, புதுசா வந்த பவளத்துக்குள்ள ஒரு நண்டு உட்கார்ந்திருக்கு. எடுத்துப் போட்டுரவா?"

வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க்காரர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக் கேள்வி இதுதான். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று எங்கள் பக்கத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் என்றாவது ஒரு நாள் இந்த நண்டைப் பார்க்கிறார்கள், பார்த்ததும் பதறுகிறார்கள். பவளம் விலை அதிகம், வந்து சேர்வதற்குள் பெட்டி பல கை மாறியிருக்கும், பிரித்துப் பார்த்தால் உள்ளே அழையாத விருந்தாளி. பதறத்தான் செய்வார்கள். அப்புறம் வாங்கிய கடைக்குப் போன் போடுவார்கள். "டிப் பண்ணிடுங்க, செத்துக் கீழ விழுந்துடும்" என்று பதில் வரும், அதாவது பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

நான் சொல்வது வேறு. எடுக்காதே, முதலில் அது எந்த நண்டு என்று பார். பத்தில் எட்டு தடவை அது பவளத்துக்குக் கெடுதல் செய்யாத நண்டாகத்தான் இருக்கும். கெடுதல் செய்யாதது மட்டுமா, அது இருந்தால்தான் அந்தப் பவளம் நன்றாக இருக்கும்.

கிளைகிளையாகப் பூத்து நிற்கும் போசில்லோபோரா, ஸ்டைலோபோரா வகைப் பவளங்களின் இடுக்கில் இருப்பது பெரும்பாலும் ட்ரபீசியா. சிறிய நண்டு. நன்றாக வளர்ந்ததற்கே ஓட்டின் அகலம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். உடம்பு தட்டை, ஓடு வழவழவென்று பளபளக்கும், முடி கிடையாது. கண் இரண்டும் முகத்தின் இரண்டு மூலையில் இருக்கும். இடுக்கி மட்டும் உடம்பின் அளவுக்குச் சம்பந்தமில்லாமல் நீளம். நிறம் இனத்துக்கு இனம் மாறும். ஆரஞ்சு உண்டு, செம்பழுப்பு உண்டு, வெள்ளை ஓட்டில் சிவப்புப் புள்ளி வைத்த ட்ரபீசியா ரூஃபோபங்டேட்டா உண்டு. அந்தப் புள்ளிக்காரன்தான் படங்களில் அதிகம் வருவான். அக்ரோபோரா என்ற இன்னொரு கிளைப்பவளத்தில் இருப்பது இதன் உறவுக்காரனான டெட்ராலியா. இன்னும் சிறியது. சிலவற்றுக்கு முகத்தின் முன்விளிம்பில் கறுப்புக் கோடு ஓடும்.

இந்த நண்டுகள் பவளத்தின் சதையைத் தின்பதில்லை. பவளம் ஓயாமல் வழவழப்பான சளி ஒன்றைச் சுரந்துகொண்டே இருக்கும். பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சமைக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கு இந்தச் சளியாக வெளியே வருகிறது. தண்ணீரில் மிதந்து வரும் துகள்களும் அதில் ஒட்டும். ட்ரபீசியாவின் கால் நுனியில் சீப்புப் பல் வரிசையாகச் சின்னச் சின்ன முள்முடிகள் இருக்கும். அதை வைத்துப் பவளத்தின் மேலே வாரி, வாரியதை வாயில் வழித்துக்கொள்ளும். வயிறு நிறைவது இப்படித்தான்.

இதோடு நின்றுவிட்டால் நண்டுக்குத்தான் லாபம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஜான் ஸ்டிம்சன் என்ற ஆய்வாளர் 1990-இல் போசில்லோபோராவை வைத்து ஒன்றைக் காட்டினார். நண்டு குடியிருக்கும் பவளத்தில், பவளத்தின் சின்னச் சின்ன உயிர்களான பாலிப்களின் இழை நுனியில் கொழுப்பு உருண்டைகள் திரள்கின்றன. நண்டு இருப்பதுதான் அதைத் தூண்டுகிறது. நண்டு அவற்றையும் எடுத்துத் தின்கிறது. குடியிருப்பவருக்கு வீட்டுக்காரரே சமைத்துப் போடுகிறார் என்றால் சும்மா போடமாட்டார். பதிலுக்குப் பவளத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதில்லை.

கிடைப்பது காவல். முள்முடி நட்சத்திரமீன் என்று ஒன்று உண்டு. உடம்பு முழுக்க முள், ஏகப்பட்ட கை. வயிற்றையே வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் விரித்து, சதையைக் கரைத்துக் குடித்துவிட்டு வெறும் எலும்பை விட்டுப் போகும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பவளத் திட்டுகளை மொட்டையடிக்கும் பிராணி இது. 1970-களில் பனாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் என்பவர் இது போசில்லோபோராவை நெருங்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தார். உள்ளே இருக்கும் ட்ரபீசியா கிளைக்கு வெளியே வந்து உடம்பை மேலும் கீழுமாக உதறுகிறது. நட்சத்திரமீனின் குழாய்க்கால்களை இடுக்கியால் கிள்ளுகிறது, முள்ளைப் பிடித்து வெட்டுகிறது. கூடவே அதே பவளத்தில் குடியிருக்கும் அல்ஃபியஸ் என்ற சொடுக்கு இறால் தன் பங்குக்குச் சொடுக்குகிறது. நண்டைவிடப் பல மடங்கு பெரிய பிராணி அந்த நட்சத்திரமீன். பெரும்பாலும் விட்டுவிட்டுக் காவல் இல்லாத வேறு பவளத்தைத் தேடிப் போகிறது. நட்சத்திரமீன் கிட்டே வருவதற்கு முன்பே தண்ணீரில் வரும் வாடையை வைத்தே நண்டு விழித்துக்கொள்கிறது என்பதும் பின்னால் தெரியவந்தது.

சரி, நம் தொட்டியில் முள்முடி நட்சத்திரமீன் இல்லையே, காவல்காரன் எதற்கு என்று கேட்பீர்கள். தேவகோட்டைத் தம்பி ஒருவர் என்னிடம் அப்படியே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரியா தீவிலிருந்து 2006-இல் வந்தது. ஒரு ஆய்வுக் குழு இரண்டு வகைக் கிளைப்பவளங்களை எடுத்து, சிலவற்றில் நண்டை நீக்கிவிட்டு, சிலவற்றில் அப்படியே விட்டுக் கடலில் வைத்தது. நண்டு இல்லாதவற்றில் பாதி முதல் 80 சதவீதம் வரை ஒரு மாதத்துக்குள் செத்துப்போயின. நண்டு இருந்த பவளங்கள் எல்லாம் பிழைத்தன. அவற்றைக் கொன்றது எந்த எதிரியும் இல்லை, மேலே படிந்த மணலும் வண்டலும்தான். நண்டு இருக்கும் பவளத்தில் அது நாள் முழுக்க அந்தத் துகள்களைக் காலால் உதைத்தும் இடுக்கியால் தள்ளியும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த வேலை நம் தொட்டியிலும் உண்டு. அடியில் மணல் போட்டிருப்போம், மீன் அதைக் கிளறும், தின்றது போக மீதி மிதக்கும், எல்லாம் கிளை இடுக்கில் போய் உட்காரும். நீரோட்டம் எவ்வளவு கொடுத்தாலும் நெருக்கமான கிளைகளின் அடிவாரத்தில் ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும். அங்கிருந்துதான் திசு உரிய ஆரம்பிக்கும். நண்டு குடியிருக்கும் இடமும் அதேதான்.

என் வீட்டுத் தொட்டி பட்டாலையை ஒட்டிய அறையில் இருக்கிறது. பழைய செட்டிநாட்டு வீடு. இரண்டடி தடிமனான சுண்ணாம்புச் சுவர். கோடையில் வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும் உள்ளே அந்த அளவு தெரியாது. இருந்தாலும் சில்லர் இல்லாமல் 26 டிகிரியில் தண்ணீரை நிறுத்த முடியாது. உப்புத் தண்ணீர் துளித்துளியாகத் தெறித்து ஆத்தங்குடிக் கல் மேல் வெள்ளைப் பூ பூக்கிறது என்பது ஒரு தீராத சண்டை, அதனால் தொட்டிக்கு அடியில் பெரிய தட்டு வைத்திருக்கிறோம். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் பெருமை. எனக்கும்தான். ஆனால் பவளத்துக்கு அந்தத் தண்ணீரையும் ஆர்.ஓ.வில் விட்டு, அதற்கு மேல் ஒரு ரெசின் வடிகட்டியிலும் விட்டு, ஒன்றும் மிச்சமில்லாமல் எடுத்துத்தான் உப்பு கலக்க வேண்டியிருக்கிறது. அதில் கரைந்திருக்கும் சில உப்புகள் அங்கே பாசிக்குத் தீனியாகிவிடும்.

இந்தத் தொட்டியில் ஒரு இளஞ்சிவப்புப் போசில்லோபோரா. அதில் ஒரு ஜோடி ட்ரபீசியா. ஜோடி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. குட்டி நண்டுகள் பல ஒரே பவளத்தில் இருக்கலாம், வளர்ந்த பிறகு ஒரு இனத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் நிலைக்கும். அதே இனத்தில் மூன்றாவதாக ஒன்று நுழைந்தால் ஆணை ஆண் விரட்டும், பெண்ணைப் பெண் விரட்டும். எங்கள் ஊர்க் கோயில் வரிக் கணக்கில் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளி என்று எழுதுவார்களே, அதுபோல ஒரு பவளத்துக்கு ஒரு புள்ளி.

ஆணையும் பெண்ணையும் எனக்குப் பிரித்துக் காட்டியது எங்கள் அப்பத்தா. தொட்டி வந்த புதிதில் அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "காசக் கரியாக்குறதுக்கு ஒரு வழி" என்று போய்விட்டார்கள். நண்டு என்று கேட்டதும் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து கூடையில் வரும் நீலக்கால் நண்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கி வாங்கிய கை அது. இரவில் சிவப்பு டார்ச்சை மெதுவாகக் காட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். சிவப்பு வெளிச்சம் நண்டுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாது. பெரிய நண்டு கண்ணாடிப் பக்கம் இருந்த கிளையைப் பற்றிக்கொண்டு பின்னங்காலில் நிமிர்ந்தது. அடிவயிறு தெரிந்தது.

"ஏத்தா, இது பொட்டை நண்டு. வயித்து மடிப்பைப் பாரு, எம்புட்டு அகலமா இருக்கு. சினை வச்சிருக்குடி."

மடிப்புக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் அதுவரை எத்தனையோ தடவை பார்த்தும் அதை நிழல் என்றே நினைத்திருந்தேன். ஆணுக்கு அந்த மடிப்பு ஒடுக்கமாகக் கூம்பி இருக்கும், பெண்ணுக்கு அகன்று வட்டமாக இருக்கும். சமையலுக்கு வாங்கும் நண்டுக்கும் நகம் அளவு இருக்கும் இந்த நண்டுக்கும் அதே விதிதான். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு "உன் நண்டு என்ன செய்யுது" என்று விசாரிக்கிறார்கள்.

அந்த நண்டை ஒரு மணி நேரம் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. பிப்பெட்டில் உருகவைத்த மைசிஸ் இறாலை மெதுவாக ஊதினால், முதலில் ஒரு இடுக்கி மட்டும் கிளைக்கு வெளியே நீளும். துண்டைப் பிடித்ததும் உள்ளே இழுத்து, மற்ற இடுக்கியால் பிய்த்துப் பிய்த்து வாய்க்குக் கொடுக்கும். வாய்ப்பக்கத்து உறுப்புகள் கைபோல மாறிமாறி அரைத்துக்கொண்டே இருக்கும். பவளத்தின் மேல் ஒரு மணல் துகளை விட்டால் நேராக அங்கே நடந்து வந்து, காலால் தட்டிப் பார்த்து, உணவு இல்லை என்று தெரிந்ததும் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய்க் கீழே போடும். பாலிப் விரிந்திருக்கும் இடத்தில் நடந்தால் அந்த இடம் மட்டும் சுருங்கும், நண்டு கடந்ததும் மறுபடி விரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் "கடிக்குது, கடிக்குது" என்கிறார்கள்.

இன்னொன்று. சில நாள் காலையில் பவளத்துக்குக் கீழே நண்டு மல்லாந்து கிடக்கும். கண் முதல் கால் நுனிவரை முழு நண்டு. செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டித் தண்ணீரை எல்லாம் சோதித்துப் பதறாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். எடையே இருக்காது, பின்பக்கம் பிளந்திருக்கும். சட்டை உரித்திருக்கிறது. புது ஓடு கெட்டியாகும்வரை உள்ளே பதுங்கி இருக்கும், இரண்டு மூன்று நாளில் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெளியே வரும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரம் போகிற நாளில் இந்த ஜோடிதான் எனக்கு முதல் எச்சரிக்கை. இன்வெர்ட்டரில் ஒரு பம்ப் மட்டும் ஓடும். தண்ணீரில் காற்று குறையத் தொடங்கினால் பகல் வெளிச்சத்திலும் இரண்டும் அடியை விட்டுக் கிளை நுனிக்கு ஏறி வந்துவிடும். உடனே பேட்டரிக் காற்றுக்குழாயைப் போட்டுவிடுவேன்.

எல்லா நண்டையும் விட்டுவிடலாமா என்றால், கூடாது. உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறையான லைவ் ராக்கோடு வரும் நண்டுகளில் சில நிஜமாகவே தொல்லை. உடம்பில் முடி, தடித்த ஓடு, கறுத்த நுனி உள்ள கனத்த இடுக்கி. நம் பொழுதுபோக்குக்காரர்கள் கொரில்லா நண்டு என்று சொல்லும் கூட்டம். இவை பவளத்தில் நிலையாகக் குடியிருப்பவை கிடையாது. பாறைப் பொந்தில் பகலைக் கழித்துவிட்டு இரவில் சுற்றும். சின்னதாக இருக்கும்வரை பாசியைத் தின்னும், வளர வளர நத்தை, பவளம், தூங்கும் மீன் என்று எல்லாவற்றிலும் கை வைக்கும். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பது இவற்றுக்குத்தான் பொருந்தும். பிடிப்பது சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டு, பொந்துக்குப் பக்கத்தில் பாறையில் சாய்த்து வையுங்கள். வாசனைக்கு இறங்கும், வழுக்கலில் ஏற முடியாமல் விடியும்வரை உள்ளேயே கிடக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. சைமோ என்று பெயர். அக்ரோபோராவில் குடியிருக்கும், முடியும் உண்டு, இடுக்கி நுனி கறுத்தும் இருக்கும். அதாவது தோற்றத்தில் கெட்டவனின் அடையாளம் அத்தனையும் உண்டு. நோய் வந்து வெள்ளையாக உரியும் அக்ரோபோராவில் இது கூட்டமாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இதுதான் தின்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத் திட்டில் ஆய்வாளர்கள் நோயுற்ற பவளங்களிலிருந்து சைமோ மெலனோடாக்டைலஸை நீக்கிப் பார்த்தார்கள். நீக்கியவற்றில்தான் நோய் வேகமாகப் பரவியது, நண்டு இருந்தவற்றில் மெதுவாகப் போனது. உரிந்து அழுகும் திசுவை நண்டு தின்றுவிடுவதால் நோய் பரவுவது தடுக்கப்படலாம் என்று கருதுகிறார்கள். இதைப் படித்த பிறகு "பக்கத்தில் நின்றான், அதனால் அவன்தான் செய்தான்" என்கிற வாதத்தை நண்டு விஷயத்தில் நான் ஏற்பதே இல்லை. அதற்காகத் தொட்டியில் சைமோவைத் தாராளமாக விடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். சதையையும் தின்னக்கூடிய நண்டு அது. பெரிய பவளமாக இருந்தால் தாங்கும், விரல் நீளத் துண்டு தாங்காது.

அளவு முக்கியம் என்பது ட்ரபீசியாவுக்கும் பொருந்தும். கடைகளில் வருவது பெரும்பாலும் ஃப்ராக் எனப்படும் சின்னத் துண்டு. மூன்று கிளை உள்ள துண்டில் வளர்ந்த ஜோடி உட்கார்ந்தால் பாலிப்புக்கு விரிய இடமே இருக்காது. அப்போதும் நண்டைக் கொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி அளவுக்காவது வளர்ந்த அதே வகைப் பவளத்துக்கு மாற்றிவிட்டால் போதும். போசில்லோபோராவில் வந்ததை போசில்லோபோராவிலோ ஸ்டைலோபோராவிலோ விடுங்கள். டெட்ராலியாவுக்கு அக்ரோபோராதான் வீடு.

பலரும் சறுக்கும் இடம் டிப். புதுப் பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்காமல் தொட்டியில் விடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, கண்ணுக்குத் தெரியாத சிவப்புப் பூச்சி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் போக்குவது பெரும் பாடு. ஆனால் அந்த மருந்து புழுவையும் நண்டையும் பிரித்துப் பார்க்காது. அதனால் முக்குவதற்கு முன்னால் நண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். நான் செய்வது இது: பவளத்தை வந்த தண்ணீரோடே ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து, ஒரு ஈர்க்குச்சியால் நண்டின் பின்பக்கமாக மெல்லத் தொடுவேன். இடுக்கிப் பக்கமாகத் தொட்டால் பிடித்துக்கொண்டு விடாது, காலை ஒடித்துக்கொள்ளும். வராவிட்டால் பிப்பெட்டால் இரண்டு பீய்ச்சு. அப்படியும் வராவிட்டால் பவளத்தைத் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் தானாகவே இறங்கும். வந்த நண்டைத் தனிக் கப்பில் வைத்து, டிப் முடித்து, நல்ல தண்ணீரில் பவளத்தை இரண்டு தடவை அலசி, தொட்டியில் நிறுத்திவிட்டு, விளக்கு அணைந்த பிறகு ஒரு குழாய் வழியாக நண்டை நேரே கிளை மேலேயே இறக்குவேன். பகலில் தண்ணீரில் மிதக்கவிட்டால் ராஸ் மீனுக்கு ஒரு வாய்.

கிளை நுனியில் இரண்டு கிளை சேர்ந்து, கூண்டுபோலப் பிதுங்கியிருந்தால் அதை நோய் என்று நினைத்து ஒடித்துவிடாதீர்கள். உள்ளே ஒரு பெண் நண்டு இருக்கலாம். ஹாபலோகார்சினஸ் மார்சுபியாலிஸ். 1859-இலேயே விவரிக்கப்பட்ட இனம். குட்டியாக வந்து கிளையின் கவட்டில் உட்காரும். அது உண்டாக்கும் நீரோட்டத்துக்கு ஏற்பப் பவளம் அதைச் சுற்றி வளர்ந்து, கடைசியில் மூடிக்கொள்ளும். தண்ணீர் போய்வரச் சின்னத் துளைகள் மட்டும் மிஞ்சும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த அறைக்குள்தான். ஆண் மிகச் சிறியது, வெளியே திரியும், அந்தத் துளை வழியாகப் போய்வரும். இதனால் பவளத்துக்கு லாபமும் இல்லை, சொல்லும்படியான சேதமும் இல்லை. தொட்டியில் ஒன்று வந்தால் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடல் தூரமில்லை. மண்டபம் பக்கம் போய்ப் பொறுக்கி வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. என் தொட்டியில் இருப்பவை இந்தோனேசியாவில் பண்ணையில் வளர்த்து, அனுமதித் தாள்களோடு இறக்குமதியானவை. விற்பவரிடம் தாளைக் கேளுங்கள், தாள் இல்லையென்றால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் அவற்றை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பல பத்தாண்டுகள் அப்படிப் போனது. அது நின்ற பிறகு 2010-இலும் 2016-இலும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பவளத்தில் நண்டுக்கும் பாடுதான். சளி குறைகிறது, கொழுப்பு குறைகிறது, பெண் நண்டு இடும் முட்டையும் குறைகிறது. எதிரி வந்தால் காட்டும் வேகமும் குறைகிறது. காவல் தேவைப்படும் நேரத்தில் காவல்காரருக்குச் சோறு இல்லை. ஒரு பவளத்துண்டை இழந்தால் அதோடு எத்தனை குடும்பம் போகிறது என்பதைத் தொட்டியில் இந்த ஜோடியைப் பார்த்த பிறகுதான் நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய போசில்லோபோராவோ அக்ரோபோராவோ வரும்போது நண்டோடு இருந்தால் நண்டோடே விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் "உள்ளே காவல் நண்டு இருக்கு, முக்குறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க நாங்கள் தயார்.

இனி மிச்சமிருப்பது குஞ்சு. என் பெண் நண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது முட்டை சுமக்கிறது. ஆரஞ்சாக ஆரம்பித்து, உள்ளே கண் வைக்க வைக்கப் பழுப்பாக மாறும். ஒரு நாள் விளக்கு அணைந்த பிறகு கிளை நுனிக்கு வந்து வயிற்றை உதறி அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிடும். குஞ்சுகள் தூசி போல மிதக்கும். விடிவதற்குள் கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும் பம்பும் பவளங்களும் சேர்ந்து ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. ஸ்கிம்மரை நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. இந்தத் தடவை முட்டை பழுக்கத் தொடங்கியதும் தாயைப் பவளத்தோடு எடுத்து, காற்றுக்குழாய் மட்டும் உள்ள உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்கப் போகிறேன். குஞ்சுகளுக்குத் தீனியாக ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய நீர்ப்பிராணி வேண்டும், ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பச்சைப்பாசி வேண்டும். மாடி வெயிலில் நான்கு பாட்டிலில் பாசி ஏறிக்கொண்டிருக்கிறது. நண்டுக் குஞ்சு வளர்த்த அனுபவம் உள்ளவர்கள், முக்கியமாக இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை பார்ப்பவர்கள், முதல் மூன்று நாள் தீனி எவ்வளவு அடர்த்தியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.